கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி கீறலை கவனிங்க

"வண்டில லேசா கீறல் இருக்கு, செராமிக் கோட்டிங் போட்டா போயிடும்ல?" இந்தக் கேள்வி காதுல விழாத வாரமே இல்ல, கேக்குறவங்கள்ல பாதிப் பேர் எங்கயோ அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துதான் கேக்குறாங்க. போகாதுங்க. செராமிக் கோட்டிங்குங்கிறது பெயின்ட் மேல தடவுனா காய்ஞ்சு மெல்லிசா இறுகிக்குற ஒரு திரவம், அவ்ளோதான். கீறல் மேல கோட்டிங் போட்டா கீறல் அப்படியே அதுக்கு அடியில உக்காந்துக்கும், மேல பளபளப்பு கூடுறதால அதுவரைக்கும் கண்ணுல படாததும் சேர்ந்து பட ஆரம்பிக்கும், அப்புறம் அதை எடுக்கணும்னா காசு குடுத்துப் போட்ட கோட்டிங்கையும் சேத்துத்தான் தேய்ச்சு எடுக்கணும். என்னோட முதல் கறுப்பு வண்டிக்கு இதேதான் நடந்துச்சு, போட்டுக் குடுத்தவங்க பெயின்ட்டை சரி பண்ணாமலே மேல கோட்டிங்கை தடவிக் குடுத்துட்டாங்க, நிழல்ல கண்ணாடி மாதிரி இருந்த பானெட் வெயிலுக்கு வந்ததும் சிலந்திவலை விரிச்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அதனாலதான் யாரு கேட்டாலும் முதல்ல கீறலைப் பாருங்க, கோட்டிங் கடைசி வேலைன்னு சொல்றேன்.

காரணம் புரியணும்னா பெயின்ட் எவ்ளோ மெல்லிசுன்னு தெரியணும். கம்பெனில இருந்து வர்ற வண்டில தகட்டு மேல துரு தடுக்குற ஒரு லேயர், அதுமேல ப்ரைமர், அதுமேல கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். இந்த நாலும் சேர்ந்தே பொதுவா 100ல இருந்து 150 மைக்ரான்தான் வரும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதுல கிளியர் கோட் பங்கு 35ல இருந்து 50 மைக்ரான். தலைமுடி ஒண்ணோட தடிமனே கிட்டத்தட்ட 70 மைக்ரான், அப்ப நீங்க பாலிஷ் போடுற அந்த கிளியர் கோட் ஒரு முடி தடிமன் கூட இல்ல. செராமிக் கோட்டிங் காய்ஞ்ச பிறகு எவ்ளோ தடிமன் தெரியுமா, சுமார் ஒரு மைக்ரான், மிஞ்சிப்போனா ரெண்டு. குழி விழுந்த ரோட்டுல மெல்லிசா ஒரு கை பெயின்ட் அடிச்சா குழி மூடிக்குமா? அதே கதைதான் இங்கயும்.

அடுத்து, கோட்டிங் எவ்ளோ கடினம்னு காட்டுற அந்த 9எச். டப்பா மேல பெருசா போட்டிருப்பாங்க, வைரம் 10 இது 9ன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. அந்த 10 கனிமங்களுக்கான மோஸ் அளவுகோல், இந்த 9எச் பென்சில் டெஸ்ட், ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வேற வேற கடினத்துல இருக்குற பென்சில்களை 45 டிகிரி சாய்ச்சு பெயின்ட் மேல அழுத்தித் தள்ளிப் பாப்பாங்க, எந்தப் பென்சில் வரைக்கும் கீறல் விழலயோ அதுதான் ரேட்டிங். பென்சில் முனைங்கிறது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. ரோட்டுத் தூசில இருக்குற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் அளவுல 7, எந்தப் பென்சில் முனையை விடவும் கடினம். அதனால தூசியோட துணிய வச்சுத் தேய்ச்சா கோட்டிங் போட்ட வண்டிலயும் கோடு விழத்தான் செய்யும். கோட்டிங்கால பிரயோஜனம் இல்லன்னு சொல்ல வரல, நானே என் வண்டிக்குப் போட்டுத்தான் ஓட்டுறேன். அழுக்கு ஒட்டிப் பிடிக்காது, தண்ணி பரவி ஒட்டாம முத்து முத்தா உருண்டு ஓடும், தாரும் பூச்சியும் சீக்கிரம் விட்டு வரும், கழுவுற வேலை பாதியாகும், தேய்க்குறது குறையுறதால கீறலும் குறையும். சாவி, கல், அடுத்த வண்டியோட கதவு, இதுக்கெல்லாம் அது கவசம் ஆகாது.

சரி, கீறலைப் பாக்குறது எப்படி. முதல்ல வண்டிய நல்லா கழுவிக் காய வைங்க, அழுக்கோட பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்புறம் நிழல்ல நிறுத்தி ஒரு நல்ல எல்ஈடி டார்ச்சை எடுத்து பெயின்ட்டுக்கு நேரா அடிக்காம சாய்வா பிடிச்சு மெதுவா நகத்துங்க. டார்ச் வெளிச்சத்தைச் சுத்தி வட்ட வட்டமா தெரியுது பாருங்க, அதைத்தான் ஸ்வர்ல் மார்க்குன்னு சொல்றது. நிஜத்துல அதுங்க வட்டமா இருக்கணும்னு இல்ல, எல்லாப் பக்கமும் போற குட்டிக் குட்டிக் கோடுங்கள்ல வெளிச்சத்துக்குக் குறுக்க இருக்குறது மட்டும் மின்னுறதால வட்டமா தெரியுது. இது கிளியர் கோட்டோட மேல்பக்கத்துலதான் இருக்கும், பாலிஷ்ல போயிடும்.

தனியா ஒரு கோடு தெரிஞ்சா விரல் நகத்தை அதுக்குக் குறுக்க, அழுத்தாம, மெதுவா இழுத்துப் பாருங்க. நகம் வழுக்கிட்டுப் போனா பாலிஷ்ல சரியாக வாய்ப்பு நிறைய. நகம் டக்குனு தட்டி நின்னா அது ஆழம், அதை முழுசா எடுக்குற அளவுக்கு தேய்ச்சா சுத்தி இருக்குற கிளியர் கோட் எல்லாம் போயிடும். இன்னொரு சோதனை, கீறல் மேல கொஞ்சம் தண்ணி தெளிங்க. ஈரமா இருக்குறப்ப கோடு மறைஞ்சு காய்ஞ்சதும் திரும்ப வந்தா அது கிளியர் கோட்டுக்குள்ளதான் இருக்கு. ஈரத்துலயும் வெள்ளையாவோ சாம்பலாவோ தெரிஞ்சா ப்ரைமர் வரைக்கும் போயிருக்கு, வெள்ளி மாதிரி மின்னுனாலோ பழுப்பா துரு தெரிஞ்சாலோ தகடு வெளிய வந்துடுச்சு, இதுக்கு பாலிஷ் மெஷினைத் தொடவே வேணாம்.

இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் விட்டுடுறாங்க. பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தன் அவனோட சிவப்பு வண்டிய கொண்டாந்து நிறுத்தினான், பின் கதவுல ஒரு முழம் நீளத்துக்கு வெள்ளைக் கோடு, "அண்ணே கதவையே திரும்ப பெயின்ட் அடிக்கணும்னு சொல்லிட்டாங்கண்ணே"ன்னு முகம் வாடிப்போய் நிக்குறான். நகத்தை வச்சுப் பாத்தேன், பள்ளம் இல்ல, மேடு. கோடு பெயின்ட்டுக்குள்ள இறங்கல, மேல ஏறி உக்காந்திருக்கு. தார் எடுக்குற ரிமூவரை மைக்ரோஃபைபர் துணில நனைச்சு ஒரு நிமிஷம் ஒத்தி வச்சு மெதுவா துடைச்சா துணில வெள்ளை வெள்ளையா வருது, வேற ஏதோ வண்டியோட பம்பர் பெயின்ட் உரசி ஒட்டிக்கிட்டது அது. கடைசில மூணு மெல்லிசான கோடுதான் மிச்சம், அதுவும் கையால பாலிஷ் போட்டதுல தெரியாமப் போச்சு. அதனால கோட்டைப் பாத்ததும் பயந்துடாதீங்க, பள்ளமா மேடான்னு முதல்ல தொட்டுப் பாருங்க.

இப்ப சரி பண்ற வேலை. கழுவின வண்டில கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் நிறைய குத்திட்டு இருக்கும், பிரேக்ல இருந்து தெறிக்குறது. அயர்ன் ரிமூவர் அடிச்சா ஊதா நிறமா அழுது வடியும், அது காயுறதுக்குள்ள நல்லா தண்ணி ஊத்திக் கழுவிடணும். அப்புறம் கிளே பார், அதாவது பெயின்ட்ல ஒட்டியிருக்குற அழுக்கை இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி, ஷாம்பு தண்ணியோ கிளே லூப்ரிகன்ட்டோ தாராளமா தெளிச்சு அழுத்தாம முன்னும் பின்னும் நேரா வழுக்க விடுங்க, கையில சொரசொரன்னு இருந்தது வழவழன்னு ஆகும் வரைக்கும். கிளே கீழ விழுந்துட்டா பாவம் பாக்காம தூக்கிப் போட்டுடுங்க, அதுல ஒட்டுன மண்ணு மொத்த வண்டியையும் கீறிடும். கிளே போட்டாலே லேசா மங்கல் கோடு விழும், பரவால்ல, அடுத்து பாலிஷ்ல அது போயிடும், அதனாலதான் பாலிஷ் போடப் போறப்ப மட்டும் கிளே போடுங்கன்னு சொல்றது.

பாலிஷ்னா என்னன்னு சரியா புரிஞ்சுக்கணும். கீறலை நிரப்புறது கிடையாது, கீறலைச் சுத்தி இருக்குற கிளியர் கோட்டை கீறலோட அடிமட்டத்துக்குக் கிட்ட வர வரைக்கும் சீவி எடுக்குறது. ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் குறையுது, அது திரும்ப வளராது. வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துற யூவி தடுப்பும் அந்த கிளியர் கோட்ல தான் இருக்கு, அளவுக்கு மீறி எடுத்துட்டா உடனே ஒண்ணும் தெரியாது, சில வருஷம் கழிச்சு ரூஃப்லயும் பானெட்லயும் வெள்ளையா உரிய ஆரம்பிக்கும். அதனால எனக்கு 100 சதவீதம் கீறல் இல்லாத வண்டி வேணும்னு யாராவது கேட்டா நான் வேணாம்னுதான் சொல்வேன், தினமும் ஓட்டுற வண்டிக்கு பத்துல எட்டு கோடு போனாலே கண்ணுக்குப் புதுசு மாதிரி இருக்கும், மிச்ச கிளியர் கோட் நாளைக்கு உதவும். பெயின்ட் தடிமன் பாக்குற மீட்டர் கிடைச்சா ஒவ்வொரு பேனலையும் அளந்து எழுதி வைங்க, ஒரு இடத்துல மட்டும் 80க்குக் கீழ காட்டுனா அங்க யாரோ ஏற்கனவே நிறைய தேய்ச்சிருக்கலாம்னு எடுத்துக்கிட்டு மெஷினை விலக்கிடுங்க, 250, 300ன்னு காட்டுனா அங்க திரும்ப பெயின்ட் அடிச்சிருக்கலாம். சாதாரண மீட்டர் மொத்த தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டை மட்டும் தனியா காட்டாது, பிளாஸ்டிக் பம்பர்ல வேலையும் செய்யாது.

மெஷின் புதுசா பிடிக்குறவங்க டிஏ (டூயல் ஆக்ஷன்) பாலிஷர் வாங்குங்க, ரோட்டரி வேணாம். ரோட்டரி ஒரே அச்சுல சுத்துறதால சூடு ஒரே இடத்துல ஏறும், கை ஒரு நொடி தப்பினா பெயின்ட் எரிஞ்சிடும், டிஏ சுத்திக்கிட்டே ஆடுறதால அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. ரப்பர், பிளாஸ்டிக், பேட்ஜ், கூர்மையான பாடி லைன், கதவு ஓரம் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, ஓரத்துலயும் மடிப்புலயும் கிளியர் கோட் மெல்லிசா இருக்கும், முதல்ல போறது அங்கதான். மேட் ஃபினிஷ் வண்டியா இருந்தா இந்த பாலிஷ் பேச்சே வேணாம், தேய்ச்ச இடம் மட்டும் பளபளன்னு ஆயிடும், புதுசா பெயின்ட் அடிக்காம திரும்ப மேட் ஆக்க வழி இல்ல.

முதல்ல ஒரு சின்ன இடத்துல சோதனை பண்ணுங்க, இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீங்க. மென்மையான ஃபோம் பேட், லேசான பாலிஷ், இதுல ஆரம்பிச்சு கோடு போகலைன்னா மட்டும் அடுத்த படிக்கு, அதாவது பாலிஷை விட அதிகமா சீவுற காம்பவுண்டுக்கோ கொஞ்சம் கடினமான பேட்டுக்கோ போங்க. எடுத்த எடுப்புலயே காம்பவுண்டை எடுக்குறது தலைவலிக்கு ஆபரேஷன் பண்ற மாதிரி. அரை மீட்டருக்கு அரை மீட்டர் இடம், பேட்ல பட்டாணி அளவுல நாலு சொட்டு, மெஷினோட எடையும் கையோட லேசான அழுத்தமும் போதும், பேட் சுத்துறது நிக்குற அளவுக்கு அழுத்தக் கூடாது, அவசரப்படாம நகத்தணும், ஒரு தடவை படுக்க, ஒரு தடவை நெடுக்க, இப்படி நாலுல இருந்து ஆறு சுத்து. ரெண்டு சுத்துக்கு ஒருக்கா பேட்டை பிரஷ் பண்ணுங்க, சீவின பெயின்ட்டு பேட்ல அடைஞ்சா அதுவே புதுசா கோடு போடும். முடிச்சதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை காய்ச்சி வடிச்ச தண்ணில 10ல இருந்து 20 சதவீதம் அளவுக்கு கலந்து தெளிச்சுத் துடைச்சுட்டு அப்புறம் டார்ச் அடிச்சுப் பாருங்க. இது எதுக்குன்னா பாலிஷ்ல இருக்குற எண்ணெய் சின்னக் கோடுங்கள்ல போய் அடைஞ்சு எல்லாம் போயிட்ட மாதிரி காட்டும், ரெண்டு கழுவு கழுவினதும் கோடெல்லாம் திரும்ப வந்து நிக்கும். என் கறுப்பு வண்டிலயும் இப்படி ஒரு தடவை ஆச்சு, அதுக்கப்புறம் துடைக்காம எதையும் நம்புறதில்ல.

கதவு கைப்பிடிக்குப் பின்னாடி இருக்குற குழிய குனிஞ்சு பாத்திருக்கீங்களா? நகமும் மோதிரமும் பட்டுப் பட்டு அங்க கொத்தா கோடு இருக்கும், மெஷின் உள்ள போகாது. மைக்ரோஃபைபர் துணிய ரெண்டு விரல்ல இறுக்கிச் சுத்தி துளி பாலிஷ் வச்சு கையால தேயுங்க, பொறுமை வேணும், ஆனா கதவைத் திறக்க வர்றவங்க கண்ணு முதல்ல போற இடம் அதுதான்.

நகம் தட்டுன ஆழமான கீறலுக்கு டச்-அப் பெயின்ட். உங்க வண்டிக் கலரோட நம்பர் பெரும்பாலும் டிரைவர் கதவு திறந்தா அந்தத் தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்லயோ பானெட்டுக்கு அடியிலயோ இருக்கும். கீறலை ஆல்கஹால்ல சுத்தம் பண்ணி, துரு இருந்தா அதைச் சுரண்டி ப்ரைமர் வச்சு, மெல்லிசான பிரஷ்ல கொஞ்சம் கொஞ்சமா, ஒரு கை காய்ஞ்சதும் அடுத்த கைன்னு நிரப்புங்க, ஒரே தடவைல குமிச்சு வச்சா காயுறப்ப சுருங்கிடும். அப்புறம் மேல கிளியர். நல்லா காய்ஞ்ச பிறகு வேணும்னா 2000, 3000 நம்பர் மணல் தாளை தண்ணில நனைச்சு மேட்டை மட்டும் தட்டி பாலிஷ் போடலாம், கை பழகாதவங்க அந்த வேலைய விட்டுடுங்க, கொஞ்சம் மேடா இருந்தாலும் துரு பிடிக்காம இருக்குறதுதான் முக்கியம். பேனலையே புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா பெயின்ட்ல இருக்குற சால்வென்ட் முழுசா வெளிய போகணும், பெயின்ட் அடிச்சவர்கிட்ட கேட்டுட்டு கோட்டிங் போடுங்க, ஒரு மாசம் பொறுக்கச் சொல்றதுதான் வழக்கம்.

இதெல்லாம் முடிஞ்சாதான் கோட்டிங் பாட்டிலைத் திறக்கணும். மூடின இடம், வெயில் படாத தகடு, தொட்டா சூடு இல்லாம இருக்கணும், ரொம்ப ஈரக் காத்து இருக்குற நாள் வேணாம், அதிக ஈரப்பதத்துல திட்டுத் திட்டா சீக்கிரம் இறுகிடும். மொத்த வண்டியும் ஒருக்கா பேனல் வைப்புங்கிற திரவத்தைப் போட்டுத் துடைச்சு எண்ணெய் எடுத்துடுங்க. கையில கிளவ்ஸ், மூஞ்சில சால்வென்ட் ஆவிக்கான மாஸ்க், காத்தோட்டம். அப்ளிகேட்டர்ல சுத்துன சூயிட் துணில சில சொட்டு விட்டு அரை மீட்டர் சதுரத்துக்கு மேல போகாம படுக்க ஒருக்கா நெடுக்க ஒருக்கா தடவுங்க. கொஞ்ச நேரத்துல, பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு நிமிஷத்துக்குள்ள, மேல தண்ணில எண்ணெய் மிதக்குற மாதிரி வானவில் நிறம் ஓடும், சின்னச் சின்ன முத்தா வியர்க்கும், அதுதான் துடைக்குற நேரம், ஒவ்வொரு பிராண்டுக்கும் நேரம் மாறும், பாட்டில்ல போட்டிருக்குறதைப் படிங்க. குட்டை முடி மைக்ரோஃபைபர்ல ஒரு துணியால எடுத்துட்டு இன்னொரு சுத்தமான துணியால மெருகேத்துங்க, அப்பப்ப துணியை மடிச்சு மாத்துங்க.

துடைச்ச உடனே டார்ச்சை ரெண்டு பக்கத்துல இருந்தும் அடிச்சுப் பாருங்க, குனிஞ்சும் பாருங்க. நான் ஒரு தடவை நேரா நின்னு மட்டும் பாத்துட்டு சரின்னு விட்டேன், மறுநாள் காலைல பானெட் ஓரத்துல கையளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு, அதுதான் ஹை ஸ்பாட், துடைக்காம விட்ட கோட்டிங் அங்க தேங்கி இறுகிடுச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்திருந்தா அதே கோட்டிங்கை துளி தடவி இளக்கித் துடைச்சிருக்கலாம், மறுநாள்னா பாலிஷ் போட்டு எடுத்து அந்த இடத்துக்குத் திரும்ப கோட்டிங் போடுறதைத் தவிர வேற வழி இல்ல, அதையேதான் பண்ணினேன். இன்னொண்ணு, கோட்டிங் துடைச்ச துணிய துவைச்சு வேற வேலைக்கு எடுக்காதீங்க, அதுல இருக்குற கோட்டிங் கண்ணாடித் தூள் மாதிரி இறுகிடும், அடுத்த கீறல் அந்தத் துணில இருந்தே வரும்.

முதல் நாள் முழுக்க தண்ணி படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேணாம். நடுவுல பறவை எச்சம் விழுந்தா மட்டும் ஈரத்துணிய ஒத்தி ஊற வச்சு எடுத்துடுங்க, கோட்டிங் போட்டாச்சேன்னு எச்சத்தை வெயில்ல விட்டா அது கோட்டிங்கையும் அரிச்சு உள்ள இறங்கும்.

அப்புறம் கழுவுறது. கீறல்ல பெரும்பங்கு வர்றது கழுவுறப்பவும் துடைக்குறப்பவும்தான், அதனால இந்த ஒரு விஷயத்துல கறாரா இருங்க. காய்ஞ்ச தூசிய காய்ஞ்ச துணியால துடைக்கவே கூடாது, அது மணல் தாளை வச்சு தேய்க்குறதுக்குச் சமம். முதல்ல தண்ணிய அடிச்சு மண்ணை இறக்குங்க, ஃபோம் போட்டு அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க, கழுவுங்க, அப்புறம்தான் கை வைக்கணும். ரெண்டு பக்கெட், ஒண்ணுல அமிலமும் காரமும் இல்லாத பிஎச் நியூட்ரல் ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி, மைக்ரோஃபைபர் மிட்டை (கழுவுறதுக்குக் கையில மாட்டுற உறை) ஒவ்வொரு பேனலுக்கும் வெறும் தண்ணில அலசிட்டு ஷாம்புல முக்குங்க, ரூஃப்ல ஆரம்பிச்சு கீழ இறங்குங்க, டயரும் வீலும் தனி மிட். நீளத் துண்டை விரிச்சு ஒத்தி எடுத்துத் துடைங்க, காத்தடிக்குற மெஷின் இருந்தா இன்னும் நல்லது. உப்புத் தண்ணின்னா காய விடாதீங்க, கோட்டிங் மேல தண்ணி முத்து முத்தா நிக்கும், ஒவ்வொரு முத்தும் காய்ஞ்சு சுண்ணாம்பு வட்டமா படியும். புதுசா படிஞ்சதை வெள்ளை வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஒத்தி எடுத்து உடனே கழுவிட்டா போயிடும், நாளாக ஆக அது கோட்டிங்குக்குள்ள குழி பறிச்சிடும், அப்ப பாலிஷ்தான்.

கோட்டிங் போட்ட வண்டில புதுசா கீறல் விழுந்துட்டா அதே நகச் சோதனை, அதே தண்ணிச் சோதனை. மேலாப்ல இருந்தா அந்த இடத்தை மட்டும் கையாலயோ சின்ன மெஷின்லயோ பாலிஷ் போட்டு, ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, முடிஞ்சா அதே கோட்டிங்கை அந்த இடத்துக்கு மட்டும் போடுங்க, மொத்த வண்டியையும் திரும்ப பண்ண வேண்டியதில்ல. நெடுஞ்சாலைலயே ஓடி முன்பக்கம் பூரா கல்லடி வாங்குற வண்டின்னா கோட்டிங்ல காசை வீணாக்காதீங்க, பம்பருக்கும் பானெட்டுக்கும் பிபிஎஃப் (பெயின்ட் ப்ரொடெக்ஷன் ஃபிலிம்) ஒட்டுங்க, அது 150ல இருந்து 200 மைக்ரான் தடிமன்ல இருக்குற பாலியூரிதேன் ஃபிலிம், கல்லடியை நிஜமாவே தாங்கும், நல்ல ஃபிலிம்ல விழுற லேசான கோடு வெயில் சூட்டுலயே ஆறிடும். ஃபிலிம் ஒட்டி அதுமேல கோட்டிங் போடுறவங்களும் இருக்காங்க, கழுவ சுலபம்.

புது வண்டி எடுக்குறவங்களுக்கு ஒண்ணு, டெலிவரிக்கு முன்னாடி ஷோரூம்ல வண்டிய கழுவ வேணாம், தூசியோடவே குடுங்கன்னு எழுதியே குடுத்துடுங்க. பத்துக் கிலோமீட்டர் கூட ஓடாத வண்டில ஸ்வர்ல் மார்க் பாத்திருக்கேன், அவ்ளோவும் ஒரு அழுக்குத் துணியோட வேலை.

சில மாசம் கழிச்சு தண்ணி முத்து முத்தா நிக்கலைன்னா கோட்டிங் போயிடுச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க, பெரும்பாலும் மேல அழுக்கும் இரும்புத் துகளும் உப்பும் படிஞ்சு அடைச்சிருக்கும். நல்லா கழுவி, அயர்ன் ரிமூவர் போட்டு, வினிகர் தண்ணில ஒருக்கா ஒத்தி அலசிட்டு தண்ணி ஊத்திப் பாருங்க, திரும்ப ஓடுச்சுன்னா கோட்டிங் அங்கயே இருக்கு. இவ்ளோவும் பண்ணி ஓடலைன்னாதான் அடுத்த பாட்டில், அதுக்கும் முன்னாடி டார்ச்சை எடுத்து கீறலைத் தேடுங்க.